கோரை அறுக்கும் மாதம் தெரியாத கண்காட்சிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழில் ஒரு கைவினைக் கண்காட்சித் திறப்பு விழாப் படம் வந்திருந்தது. நடுவில் ரிப்பன் வெட்டுகிறார்கள், பின்னால் நாலு பேர் சால்வையோடு நிற்கிறார்கள், ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு ஒரு பாய் தெரிகிறது. எங்கள் பக்கத்தில் கோரைப் புல்லில் நெய்கிற பத்தமடைப் பாய். கரையைப் பார்த்ததுமே யார் வீட்டுத் தறி என்று தெரிந்துவிட்டது, அந்த அக்கா அன்று சாயங்காலம் கடைக்கு வந்தபோது படத்தைக் காட்டினேன். "இது எங்க தம்பி நடக்கு?" என்று என்னிடம் கேட்டார். அவர் நெய்த பாய் கண்காட்சிக்குப் போயிருக்கிறது, அப்படி ஒன்று நடப்பதே அவருக்குத் தெரியாது. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், வெட்டிப் போடுவதானால் முன்பாதியை வெட்டுங்கள், பின்பாதியை விட்டுவிடுங்கள்.

நான் சேரன்மகாதேவிப் பக்கம் இ-சேவையும் ஜெராக்ஸும் சேர்த்து ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். கலைஞன் கிடையாது, எனக்குப் பாயும் நெய்யத் தெரியாது, வில்லும் அடிக்கத் தெரியாது. ஆனால் இந்தப் பக்கத்துக் கைவினைஞர்களும் கூத்துக்காரர்களும் அரசாங்கத்துக்கு எழுதுகிற விண்ணப்பம் பாதிக்கு மேல் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகிறது. கைவினைஞர் அட்டை, நல வாரியப் பதிவு, ஸ்டால் விண்ணப்பம், ஆதாரில் கைரேகை விழவில்லை என்கிற சிக்கல் (கோரையைக் கிழித்துக் கிழித்து விரல் ரேகை தேய்ந்தவர்களுக்கு எந்த மெஷினும் மசியாது), எல்லாம். ஆகவே மேடைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாவிட்டாலும் இந்தப் பக்கம் நடப்பது நன்றாகவே தெரியும்.

எங்கள் பக்கம் வராதவர்களுக்காக ஒரு வார்த்தை. திருநெல்வேலியில் செங்கோட்டை ரயில் ஏறினால் சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று வரிசையாக ஊர் வரும். ஒவ்வொரு ஊரிலும் ஒரு கைத்தொழில். காருகுறிச்சியில் மண்பாண்டம், வீரவநல்லூரில் கைத்தறிச் சேலை, அம்பாசமுத்திரத்தில் குழந்தைகள் விளையாடும் மரச் சொப்புச் சாமான். கல்லிடைக்குறிச்சி அப்பளத்தையும் கைத்தொழில் கணக்கில் சேர்க்கலாம் என்பது என் கட்சி. சேரன்மகாதேவிக்குப் பக்கத்திலேயே பத்தமடை. அப்புறம் சுற்றுவட்டாரம் பூராவும் சுடலைமாடன் கோயில் கொடைகளுக்கு, அதாவது திருவிழாக்களுக்குப் போகும் வில்லுப்பாட்டுக் குழுக்கள், மகுடம் என்கிற தோல்வாத்தியம் அடிக்கும் கணியான் கூத்துக்காரர்கள், நையாண்டி மேளம், கரகம். ஒரு மணி நேர ரயில் பயணத்துக்குள் இத்தனை இருக்கிறது. இவர்கள் எல்லோரையும் சேர்த்து இதே வட்டாரத்தில் ஒரு விழா நடத்தி நான் பார்த்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கண்காட்சி போதவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. வருகிற கண்காட்சிக்குத் தேதி தெரிவதில்லை, தெரியும்போது நேரம் இருப்பதில்லை, அதுதான் சங்கதி. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பெரிய நகரத்தில் நடந்த கண்காட்சிக்கு (எது, யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம்) அறிவிப்பு என் வாட்ஸப்புக்கு வந்து சேர்ந்தபோது கடைசித் தேதிக்கு ஆறு நாள் இருந்தது. அதுவும் யாரோ யாருக்கோ அனுப்பி, ஸ்கேன் செய்ததைப் போட்டோ எடுத்து, சாய்ந்து கிடந்த ஒரு தாள். படிவம் பூராவும் இங்கிலீஷ். கேட்டது ஐம்பது பாய்களுக்குக் குறையாமல் சரக்கு. மாதம் கார்த்திகை.

பாய் நெய்கிற யாரிடமாவது இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஏனென்றால் கோரைக்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு. புரட்டாசி ஐப்பசியில் ஒரு அறுப்பு, மாசியில் ஒரு அறுப்பு. அறுத்த பச்சைக் கோரையைக் கிழித்து, வெயிலில் காயப்போட்டு, மூட்டை கட்டி ஆற்றுத் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போட வேண்டும். ஊறி உப்பியதை எடுத்து மறுபடி காயவைத்து, மறுபடி நூல் மாதிரி மெல்லிசாகக் கிழிக்க வேண்டும். அப்புறம் சாயம். அதற்கப்புறம்தான் தறி. தறி என்றால் கைத்தறி மாதிரி நினைக்க வேண்டாம், தரையில் முளையடித்து மூங்கில் கட்டி, பாவு நூலை இழுத்துக் கட்டி, பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொரு இழையாகக் கோத்துத் தள்ளுவது. சாதாரணப் பாய் சீக்கிரம் முடியும். ஆனால் நூறு பாவுக்கு மேலே போகிற மெல்லிய பட்டுப் பாய், கையில் மடித்தால் துணி மாதிரி மடியும் என்று சொல்கிறார்களே அது, ஒன்றுக்கே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கார்த்திகையில் மழை அடிக்கும்போது கோரையும் காயாது, தரை ஈரத்தில் தறியும் நிற்காது. அப்போது போய் அடுத்த வாரம் ஐம்பது பாய் கொண்டுவா என்றால்?

ஆறு நாளில் ஐம்பது பாயோடு கிளம்ப யாரால் முடியும்? வாங்கி அடுக்கி வைத்திருக்கும் வியாபாரியால் முடியும். நெய்கிற வீட்டில் ஸ்டாக் என்று ஒன்று இருக்காது, ஒரு பாய் முடிந்ததும் அது அரிசியாகவோ பள்ளிக்கூட ஃபீஸாகவோ மாறிவிடும். ஸ்டால்களில் வியாபாரிகளே உட்கார்ந்திருக்கிறார்கள், ஏமாற்று வேலை என்று உங்கள் பகுதிக்கே அடிக்கடி கடிதம் வருகிறது. ஏமாற்றும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன், அடுத்தவர் கைவினைஞர் அட்டையைக் காட்டி ஸ்டால் எடுத்த கதை எனக்கும் தெரியும். ஆனால் பெரும்பாலும் அந்த ஆறு நாள்தான் நெய்தவரை வடிகட்டிவிட்டு வியாபாரியை உள்ளே விடுகிறது. மேற்பார்வைக்கு எத்தனை ஆபீசரைப் போட்டாலும் அறிவிப்பு ஆறு நாளுக்கு முன் வந்தால் இதுதான் நடக்கும்.

இத்தனைக்கும் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. 1953-இல் எலிசபெத் மகாராணி முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் போனது என்பதை எந்த மேடையிலும் சொல்லாமல் இறங்க மாட்டார்கள். மகாராணிக்குப் பாய் எப்போது வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

கூத்துக்காரர்கள் கதை கொஞ்சம் வேறு. பங்குனி சித்திரையில் தொடங்கி ஆடி, ஆவணி வரை கொடைக் காலம், அப்போது அவர்களைப் பிடிக்க முடியாது, ஒரே வாரத்தில் மூன்று ஊர் என்று ஓடுவார்கள். அதற்கப்புறம் தை வரை பெரிதாக ஒன்றும் கிடையாது. பொங்கலையொட்டி நடக்கிற சென்னை சங்கமம் அந்த வகையில் அவர்களுக்குச் சரியான நேரத்தில் வருகிறது, அதை மனதாரப் பாராட்டுகிறேன். 2007-இல் தொடங்கி, நடுவில் பல வருடம் நின்றுபோய், 2023-இல் மறுபடி ஆரம்பித்தார்கள், சென்னைக்கு வெளியே சில நகரங்களிலும் நடத்தினார்கள். நல்லதுதான். ஆனால் பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம் மேடை. கணியான் கூத்து ராத்திரி பூரா நடக்கிற சமாச்சாரம், கதை பாடுகிற அண்ணாவி கதையை எடுத்து, மகுடம் சூடேறி, ஆட்டம் களைகட்டவே ஒரு மணி நேரம் ஆகும். பன்னிரண்டு நிமிடத்தில் அவர்கள் என்னத்தைக் காட்டுவார்கள், வேகமாகச் சுற்றி ஆடிவிட்டு இறங்க வேண்டியதுதான். ஒரு குழு அண்ணாச்சி என்னிடம் சொன்னார், "தம்பி, நாங்க சாமிய வரவழைக்கதுக்குள்ள மணி அடிச்சிருதான்." இன்னொரு குழுவுக்கு ஏதோ ஒரு விழாவில் ஆடிய பணம் நாலு மாதம் கழித்து வந்தது, அதுவும் குழுத் தலைவர் கணக்குக்கு மட்டும், பிரித்துக் கொடுப்பதற்குள் ரெண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள்.

வாய்ப்புகளே இல்லை என்பதும் பொய். நிறைய இருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. கலை பண்பாட்டுத் துறை மாவட்டம்தோறும் வயதுவாரியாக விருது கொடுக்கிறது, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கலை இளமணி, அடுத்தடுத்து வளர்மணி, சுடர்மணி, நன்மணி, வயதானவர்களுக்கு முதுமணி. என் கடைக்கு வருகிற குழுக்களில் முக்கால்வாசிப் பேர் இந்தப் பெயர்களைக் கேட்டதே இல்லை. நலிந்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை இருக்கிறது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது. கைவினைஞர்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் 2025 ஏப்ரலில் வந்தது, 25 தொழில்கள், 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். நானே சிலருக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் அதில் ஒரு முடிச்சு இருக்கிறது, இதைச் சொல்லாமல் விடமாட்டேன். அந்தத் திட்டத்துக்கு 35 வயது ஆகியிருக்க வேண்டும். ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் 18 வயது போதும், ஆனால் அது குலத்தொழிலில் பிள்ளைகளைத் தள்ளிவிடும் என்று சொல்லி நம் மாநில அரசு அதை ஏற்கவில்லை. காரணத்தில் எனக்குச் சம்மதம்தான். பதினெட்டு வயதுப் பிள்ளை காலேஜுக்குப் போகட்டும், தறியில் உட்கார வேண்டாம். ஆனால் எங்கள் பக்கம் இருபத்தாறு வயதில் ஒரு பெண் இருக்கிறாள், பி.காம் முடித்தவள், படித்துவிட்டுத் தானாகவே விரும்பித் தறிக்குத் திரும்பியவள், பாயில் கைப்பை, ஃபைல், மேசை விரிப்பு என்று புதிது புதிதாகச் செய்து போனிலேயே விற்கிறாள். யாரும் அவளைத் தள்ளவில்லை. அவளுக்கு அந்தத் திட்டமும் இல்லை, இந்தத் திட்டமும் இல்லை. முப்பத்தைந்து ஆகும்வரை அவள் இதிலேயே இருப்பாளா என்ன? படித்து முடித்தவர்களுக்காவது வயதைக் குறைக்கலாம்.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். எனக்குத் தோன்றுவது பெரிய விஷயம் எதுவும் இல்லை. சித்திரை மாதம் பிறக்கும்போதே அந்த வருடம் பூராவும் எந்தக் கண்காட்சி எங்கே, எந்தத் தேதியில், எத்தனை ஸ்டால், போக்குவரத்துச் செலவு உண்டா, தங்க இடம் உண்டா என்று ஒரே தாளில், தமிழில் போட்டுவிடட்டும். ஒரு தேதி தள்ளிப்போனால் போகட்டும், கோவித்துக்கொள்ள மாட்டோம். மாசி அறுப்புக் கோரையில் எத்தனை பாய் ஒதுக்கலாம், ஆவணிக் கல்யாணத்துக்கு எவ்வளவு, கண்காட்சிக்கு எவ்வளவு என்று அந்த அக்காவே கணக்குப் போட்டுக்கொள்வார், மாப்பிள்ளை பெண் பேர் போட்டுக் கல்யாணப் பாய் நெய்பவருக்குத் தேதிக் கணக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சரக்கு சேர்த்து வைக்கிற அந்த மூன்று நாலு மாதத்துக்குக் கொஞ்சம் முன்பணமும் கிடைத்தால் வியாபாரியிடம் பாதி விலைக்குக் கொடுக்கிற நிலைமை இருக்காது.

இன்னொன்று, புதிதாகப் பந்தல் போட வேண்டிய அவசியமும் இல்லை. மாவட்டத்துக்கு மாவட்டம் புத்தகத் திருவிழா நடக்கிறது, திருநெல்வேலியில் பொருநை புத்தகத் திருவிழா. மைதானம், லைட்டு, கழிப்பறை, கூட்டம் எல்லாம் தயாராக இருக்கிறது. அதில் ஒரு வரிசையை இந்த ரயில் பாதை ஊர்களுக்கு ஒதுக்கினால் காருகுறிச்சிச் சட்டியும் அம்பாசமுத்திரத்துச் சொப்பும் உடையாமல் ஒரு மணி நேரத்தில் வந்து சேரும், சென்னைக்கு லாரியில் போட்டுப் பாதி உடைந்து போக வேண்டாம். குற்றாலத்தில் சாரல் விழா நடக்கும்போது மாநிலத்தின் பல ஊர்களிலிருந்து ஆள் வருகிறது, குளித்துவிட்டு ஈரத் தலையோடு சிப்ஸும் அல்வாவும் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் ஒரு பாயும் வாங்க மாட்டார்களா? அங்கே சும்மா அடுக்கி வைக்காமல் ஒரு தறியையும் போட்டு உட்காரவைத்து, அன்றைய கூலியைக் கொடுத்து நெய்யச் சொல்லலாம். முட்டுக்காட்டு தட்சிணசித்ராவில் அப்படித்தான் கைவினைஞர்களை வரவழைத்து, பார்க்க வருபவர்கள் முன்னாலேயே செய்யவும் விற்கவும் விடுகிறார்கள். நெய்வதை அரை மணி நேரம் நின்று பார்த்தவர் விலையைக் கேட்டுவிட்டு "ஒரு பாய்க்கா இவ்வளவு" என்று சொல்வதில்லை, இது என் கடைத் திண்ணையில் நானே பார்த்தது.

கூத்துக்கும் அப்படியே. பன்னிரண்டு குழுவுக்கு ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுப்பதற்குப் பதில் ஒரு ராத்திரிக்கு ஒரு குழு, ஏதாவது ஒரு ஊர்த் திடலில். கேட்க ஆள் வருமா என்று சந்தேகப்படுபவர்கள் ஒரு கொடைக்கு வந்து பார்க்கட்டும், விடியவிடியத் தூக்கம் வராது.

கடைசியாக உங்களிடமே ஒரு கோரிக்கை, அதற்காகத்தான் பின்பாதியை வெட்ட வேண்டாம் என்றேன். திறப்பு விழாப் படம் போடுகிற அதே பக்கத்தில், வாரத்தில் ஒரு நாள், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டம் ஒதுக்குங்கள். கைவினைஞர், நாட்டுப்புறக் கலைஞர் அறிவிப்புகள் என்று தலைப்புப் போட்டு, எந்த விழாவுக்கு, எந்த விருதுக்கு, கடைசித் தேதி எப்போது, எங்கே விண்ணப்பிக்க வேண்டும், அவ்வளவு போதும். விஷயத்தைத் திரட்ட ஆள் இல்லை என்றால் எனக்கு வருகிற சாய்ந்த வாட்ஸப் தாள்களை எல்லாம் நேராக்கி நானே உங்கள் நிருபருக்கு அனுப்பிவிடுகிறேன், காசு வேண்டாம். அந்தக் கட்டத்தை வெட்டிக் கடை வாசலில் ஒட்டி வைப்பேன், படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுவேன். மாசி அறுப்புக்கு முன்னால் ஆரம்பித்தால் நல்லது.

இப்படிக்கு,
இ-சேவைக் கடைக்காரர் ஒருவர்,
சேரன்மகாதேவி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.