நரம்புக் கோளாறு என்று எழுதும் முன் எலும்பு வழிச் சோதனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி வட்டாரங்களில் கல்யாண மண்டபங்களில் நடக்கும் காது பரிசோதனை முகாம்கள் சிலவற்றில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்லி, சற்று நேரத்தில் "நரம்புக் கோளாறு, காது மிஷின் போடவும்" என்று தாளைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஹெட்போன் சோதனை எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டுமே காட்டும். தடை உள்காதிலும் நரம்பிலுமா, நடுக்காதின் குட்டி எலும்புகளிலா என்பது அதில் தெரியாது. அதற்குக் காதுக்குப் பின்னெலும்பு வழியாக ஒலியை நேரே உள்காதுக்குச் செலுத்திப் பார்க்கும் எலும்பு வழிச் சோதனை வேண்டும்.

சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று எலும்புகளும் சங்கிலிபோல நின்று செவிப்பறையின் அதிர்வை உள்காதுக்குக் கடத்துகின்றன. அங்கவடியின் அடித்தட்டைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்து அது அசையாமல் இறுகிப்போவது ஓட்டோஸ்கிளிரோசிஸ். பெரும்பாலும் 20 முதல் 45 வயதுக்குள் தொடங்கும். பெண்களுக்குக் கூடுதலாக வரும், குடும்பத்தில் தொடர்வதும் உண்டு. இவர்களில் பலர் சன்னமாகத்தான் பேசுவார்கள். பஸ் இரைச்சலில் அடுத்தவர் பேச்சு நன்றாகவே கேட்கிறது என்பார்கள். தலையில் அடிபட்டோ, நெடுநாள் சீழ் வடிந்தோ பட்டடைக்கும் அங்கவடிக்கும் இடையிலான மூட்டு விட்டுப்போவது இன்னொரு வகை. எலும்பு இறுகிய காதில் விளக்கடித்துப் பார்த்தால் செவிப்பறை பெரும்பாலும் பழுதில்லாமல் தெரியும். வெளியே ஒன்றும் இல்லையே, அப்படியானால் நரம்புதான் என்று முடிவுகட்டிவிடுவது இதனால்தான்.

ஊசியோ கத்தியோ இல்லாமலே இதைப் பிரித்தறியலாம். முதலில் குறும்பியை எடுத்துக் காது துவாரம் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காதில் எண்ணெய் விட்டுவிட்டு வருகிறவர்கள் நம் பக்கம் நிறைய. அதைத் துடைக்காமல் எடுக்கும் எந்த அளவையும் நம்ப வேண்டாம். பிறகு 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை. மேசையில் தட்டினால் வேறு சுரங்களும் கலந்துவிடும் என்பதால் முழங்கையில் தட்டி, காதுக்குப் பின்னுள்ள எலும்பில் வைத்துக் கேட்கச் சொல்வது, உடனே துவாரத்துக்கு நேரே இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் பிடிப்பது. எலும்பில் வைக்கும்போதுதான் ஓங்கிக் கேட்கிறது என்றால் கடத்தும் பாதையில் சுமார் 20 டெசிபலுக்குக் குறையாத தடை இருக்கிறது என்று பொருள். ஒரு காது முற்றிலும் கேட்காதவருக்கும் இதே பதில் வரும். எலும்பில் வைத்த ஒலி மறுகாதுக்குப் போய்விடும். அதனால் நெற்றி நடுவிலும் கவையை வைத்துப் பார்க்க வேண்டும். எலும்புத் தடையானால் மந்தமான காதிலும், நரம்புக் குறையானால் நல்ல காதிலும் ஓங்கிக் கேட்கும்.

அடுத்தது ஆடியோகிராம், அதாவது எந்தச் சுரத்தில் எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்பதைக் கோடாக வரைந்து காட்டும் தாள். ஹெட்போனில் 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை பார்த்தபின், அதிர்வியை, அதாவது எலும்பை அதிரவைக்கும் சிறு கருவியை, காதுக்குப் பின்னெலும்பில் வைத்து 250 முதல் 4000 வரை பார்க்க வேண்டும். ஹெட்போன் கோட்டுக்கும் எலும்பு வழிக் கோட்டுக்கும் இடைவெளி 10 டெசிபலுக்கு மேல் போனால் கடத்தும் பாதையில் குறை உண்டு. சங்கிலி அறுந்து செவிப்பறை முழுதாக இருந்தால் இடைவெளி 60 டெசிபல் வரைகூடப் போகும்.

முகாம்களில் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். ஹெட்போன் காதை மூடுவதால் வெளிச்சத்தம் கொஞ்சம் அடங்குகிறது. அதிர்வி வைக்கும்போதோ காது திறந்தே இருக்கிறது. ஃபேன், ஜெனரேட்டர், வாசலில் போகும் டிராக்டர் எல்லாம் உள்ளே புகுந்து, முக்கியமாக 500 ஹெர்ட்சில், எலும்பு வழிக் கேட்கும் திறனைக் குறைத்துக் காட்டிவிடும். உண்மையான இடைவெளி மறைந்து, இரண்டு கோடும் ஒட்டி, நரம்புக் கோளாறுபோலத் தோன்றும். அதிர்வியை அழுத்தும் வளையத்தின் விசை சுமார் 5.4 நியூட்டன் இருக்க வேண்டும். தளர்ந்த வளையம், தடித்த பின்னல், தலையில் வைத்த பூ, கண்ணாடிக் காம்பு, இவற்றில் எது நடுவில் வந்தாலும் இதே பிழைதான். மாறாக, கேட்கும் திறன் மிகக் குறைந்தவர் 250 ஹெர்ட்சில் அதிர்வைத் தோலில் உணர்ந்தே கை தூக்குவார். அது இல்லாத இடைவெளியைக் காட்டும். வயதானவர்களுக்கு ஹெட்போன் அழுத்தத்தில் காது துவாரமே மடங்கிப் பொய் இடைவெளி வருவதும் உண்டு. துவாரத்துக்குள் செருகும் இயர்போன் போட்டால் அது போய்விடும். எலும்பு வழி ஒலி இரண்டு காதுக்கும் சேர்ந்தே போவதால் மறுகாதில் இரைச்சல் கொடுத்து அதை மறைப்பதும் கட்டாயம்.

ரைஸ் மில்லிலும் தவில் பக்கத்திலும் வருடக்கணக்கில் இருந்தவர்களுக்குப் பொதுவாக 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் விழும். ஓட்டோஸ்கிளிரோசிசில் எலும்பு வழிக் கோடு 2000 ஹெர்ட்சில் சுமார் 15 டெசிபல் இறங்கும். 1950இல் கார்ஹார்ட் என்ற செவியியலாளர் விளக்கிய பள்ளம் இது. இறுகிய அங்கவடிக்குச் செய்யும் அறுவை சரியாக அமைந்தால் பெரும்பாலும் தானே நிமிரும். இதை நரம்புச் சேதம் என்று படித்துவிடக் கூடாது.

மூன்றாவது டிம்பனோமெட்ரி, அதாவது செவிப்பறையும் நடுக்காதும் எவ்வளவு இளகி அசைகின்றன என்று பார்ப்பது. துவாரத்தை ரப்பர் முனையால் அடைத்து, 226 ஹெர்ட்ஸ் ஒலியோடு காற்றழுத்தத்தை +200இலிருந்து −400 டெக்காபாஸ்கல் வரை மாற்றுவார்கள். சில நொடி வேலை. சங்கிலி விட்டுப்போயிருந்தால் வரைபடத்தில் மேடு மிக உயரும். தட்டையாக இருந்தால் நடுக்காதில் நீர், அல்லது செவிப்பறையில் ஓட்டை. பெரியவர்களுக்குத் துவாரக் கொள்ளளவு 2 மில்லிக்கு மேல் காட்டினால் ஓட்டை என்று சந்தேகிக்கலாம். எலும்பு இறுகினால் மேடு தாழும் என்று பாடத்தில் இருந்தாலும், ஓட்டோஸ்கிளிரோசிஸ் உள்ள பலருக்கு வரைபடம் இயல்பாகவே இருக்கும். எனவே அதோடு நிறுத்தாமல், அதே கருவியில் பலத்த ஒலிக்கு அங்கவடித் தசை தானே சுருங்கும் அனிச்சைச் செயலையும், அதாவது ரிஃப்ளெக்ஸையும், பார்க்கச் சொல்லுங்கள். இறுகிய எலும்பில் அது வராது. இடைவெளி இருந்தும் ரிஃப்ளெக்ஸ் வந்தால், உள்காதின் மேல் அரைவட்டக் குழாயை மூடிய எலும்பு விலகியிருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு அங்கவடி அறுவை செய்தால் பலன் இருக்காது. அறுவைக்கு முன் இந்தச் சோதனையை விட்டுவிடக் கூடாது என்பது அதனால்தான். தேவைப்பட்டால் பிறகு சிடி ஸ்கேன்.

உங்களிடம் உள்ள தாளை எடுத்துப் பாருங்கள். சிவப்பு வட்டமும் நீலப் பெருக்கல் குறியும் மட்டும் இருந்தால் எலும்பு வழிச் சோதனை நடக்கவில்லை. கூர்முனைக் குறியோ (< >) பகர அடைப்போ ([ ]) இருந்தால் நடந்திருக்கிறது. பகர அடைப்பு மறுகாதை மறைத்துச் செய்ததற்கு அடையாளம். எலும்பு வழி அளவு இல்லாமல் பொருத்தும் மிஷினில் ஒலி போதாமல் போகலாம் என்பதால், அறுவை வேண்டாம், மிஷின் போதும் என்பவர்களுக்கும் இது தேவை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரிகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகும்போது பழைய தாள்களையும் கொண்டுபோங்கள்.

முகாம் நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். அமைதியான அறையும் ஆண்டுக்கு ஒருமுறை அளவு சரிபார்த்த அதிர்வியும் இல்லாத இடத்தில், தாளில் "கேட்கும் திறன் குறைவு, மேல் பரிசோதனை தேவை" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
செவித்திறன் பரிசோதகர்கள் சிலர்,
தஞ்சாவூர்