துப்பாக்கியும் அதன் காகிதங்களும்

டென்வர், கொலராடோ
மார்ச் மாதக் கடைசி

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா? இங்கே மார்ச் முடியப்போகிறது, பனி இன்னும் விட்டபாடில்லை. காலையில் காரைத் துடைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது.

போனில் துப்பாக்கி என்றதும் பெரியம்மா பதறிவிட்டார்கள். அதனால் விவரமாக எழுதுகிறேன், அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் சுரங்கப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட குறிசுடும் துப்பாக்கிகளைச் சேர்க்கிறார். சனிக்கிழமைகளில் அவற்றோடு வந்த காகிதங்களை நான் அடுக்கிப் பட்டியல் போட்டுத் தருகிறேன். இவை வேட்டைக்கோ சண்டைக்கோ செய்தவை இல்லை, பந்தயத்துக்கென்றே செய்தவை. ஒரு தடவைக்கு ஒரே தோட்டாதான். சுட்டதும் திறந்து, மறுபடி நிரப்பி, மறுபடி குறி பார்க்க வேண்டும். சிலது 14 பவுண்டு, அதாவது ஆறு கிலோவுக்கு மேல். தோளில் பிடிக்கும் பக்கம் கொம்பு மாதிரி வளைந்திருக்கும், இடது உள்ளங்கை தாங்க அடியில் ஒரு குமிழ் இருக்கும். முதல் தடவை தூக்கிப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது.

இந்த விளையாட்டை இங்கே கொண்டுவந்தவர்கள் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். 1800களின் பிற்பாதியில் அவர்கள் போன ஊரிலெல்லாம் ஷூட்சன் சங்கம், அதாவது குறிசுடுவோர் சங்கம், வைத்தார்கள். குடும்பத்தோடு வருவார்கள், பாண்டு வாத்தியம், சாப்பாடு, பீர், நடுவில் பந்தயம். 200 கஜத்தில் இலக்கு. எதிலும் சாயாமல் நின்றபடி சுட வேண்டும். இலக்கின் நடு வட்டம் ஒன்றரை அங்குல அகலம்தான், அதில் பட்டால் 25 புள்ளி. பத்துத் தோட்டாவுக்கு 250. முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மன் பெயர் வைத்த எதையும் ஊர் சந்தேகமாகப் பார்த்தது, சங்கங்கள் பல கலைந்தன. நியூஜெர்சியில் நார்த் பெர்கனில் ஷூட்சன் பார்க் என்ற பெயர் இன்னும் இருக்கிறது. தமிழ்ச் சங்கத்துப் பொங்கலுக்குப் போய்வரும்போதெல்லாம் எனக்கு அவர்கள் ஞாபகம் வருகிறது.

துப்பாக்கி செய்தவர்களிலும் பலர் வெளியிலிருந்து வந்தவர்கள்தான். எங்கள் டென்வரில் கடை வைத்திருந்த ஜார்ஜ் ஷோயன் நார்வேக்காரர். நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸில் இருந்த ஜிஷாங் ஜெர்மானியர். இவர்களுக்கு மேலே பேசப்படுபவர் ஹாரி போப், அவர் அமெரிக்கர். 1906இல் சான் பிரான்சிஸ்கோவில் புதிதாகக் கடை போட்டார், ஏப்ரல் 18ஆம் தேதி பூகம்பம் வந்து எல்லாம் போயிற்று. பிறகு ஜெர்சி சிட்டியில் ஒரு பட்டறையில் உட்கார்ந்து முதுமை வரை துப்பாக்கிக் குழல் கடைந்தார். 1950இல் இறந்தார். அவர் குழல் என்றால் சேகரிப்பவர்கள் இன்றும் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள்.

சரி, காகிதத்துக்கு வருகிறேன். உங்கள் மேசையோரம் உட்கார்ந்து தாய்ப்பத்திரம், வில்லங்கம் என்று கேட்டு வளர்ந்தவள் நான். அதனால்தான் இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. நிலத்துக்கு நீங்கள் கேட்பதையே சேகரிப்பவர்கள் துப்பாக்கிக்குக் கேட்கிறார்கள்: முதலில் யார் கையில் இருந்தது, அவரிடமிருந்து யாருக்குப் போனது, அதற்கு எழுத்து எங்கே?

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் வின்செஸ்டர் ஆலையின் 1885 மாடல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. ஜான் பிரவுனிங் என்பவர் வடிவமைத்தது. வயோமிங் மாநிலத்தில் கோடி என்ற ஊரில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, வின்செஸ்டர் ஆலையின் பழைய பேரேடுகள் அங்கேதான் இருக்கின்றன. துப்பாக்கியின் வரிசை எண்ணைக் கொடுத்தால், பேரேட்டில் பதிவு இருக்கும் பட்சத்தில், எந்த அளவுக் குழல், எந்த மாதிரி விசை, என்றைக்குக் கிடங்கிலிருந்து அனுப்பினார்கள் என்று கடிதம் தருவார்கள். வாங்கியவர் பெயர் பொதுவாக அதில் இருக்காது. அதை நாமேதான் தேட வேண்டும்.

இந்தத் துப்பாக்கிக்கு ஆலைக் கடிதம் 38-55 என்ற தோட்டா அளவுக் குழல் என்கிறது. கையில் இருப்பதோ 32-40 என்ற வேறு அளவு. வேறு துப்பாக்கியாக இருந்தால் இது குறை. ஆனால் குழலின் மேல் ஷோயன் முத்திரை இருக்கிறது. பந்தயக்காரர்கள் ஆலைக் குழலைக் கழற்றிவிட்டு ஷோயன் மாதிரி ஆட்களிடம் புதுக் குழல் போட்டுக்கொள்வது அப்போது வழக்கம். ஆகவே அந்த மாற்றமும் அதன் சரித்திரம்தான். கூடவே புள்ளி எழுதிய அட்டைகள், சங்கத்தாரின் குழுப்படம் ஒன்று, கணவர் இறந்தபின் விற்ற அம்மாவின் கைப்பட எழுதிய கடிதம் எல்லாம் இருக்கின்றன. குழுப்படத்துக்கும் அந்த அம்மாவின் கடிதத்துக்கும் நடுவே பல வருஷம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

இங்கேதான் எனக்கும் ஒரு வியாபாரிக்கும் வாக்குவாதம். "இன்னாருடையதாகச் சொல்லப்படுகிறது" என்று ஒரு வரி சேர்த்தால் விலை ஏறும் என்றார். நான் ஒப்பவில்லை. பெயர் பொறித்த வெள்ளித் தகடு ஒரே நாளில் செய்துவிடலாம். காகிதம் இல்லாத காலத்தைக் காகிதம் இல்லை என்றே எழுத வேண்டும். அப்படி எழுதினால்தான் மற்ற வரிகளையும் படிப்பவர் நம்புவார். பெரியவரும் என் பக்கமே நின்றார்.

இன்னொன்று சொல்கிறேன், கேட்டால் உங்களுக்கும் வருத்தமாக இருக்கும். போப் குழல்கள் பலவற்றில் ஈயக்குண்டை வாய்ப்பக்கமிருந்தும் வெடிமருந்து நிரப்பிய கூட்டைப் பின்பக்கமிருந்தும் வைப்பார்கள். குண்டு கோணாமல் இறங்குவதற்கு அதே குழலின் நுனியிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டை வாயில் பொருத்துவார்கள். அந்தத் துண்டு வேறு குழலுக்கு ஆகாது. வைத்திருந்தவர் இறந்துபோனபின் பிள்ளைகள் அது என்னவென்று தெரியாமல் பழைய இரும்போடு போட்டுவிடுகிறார்கள். துப்பாக்கி ஒரு ஊரில், அந்தத் துண்டு குப்பையில். எழுதிவைத்த ஒரு சீட்டு இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

பெரியம்மாவிடம் சொல்லுங்கள்: 1898ஆம் வருஷம் வரை செய்தவற்றை இந்த நாட்டின் மத்தியச் சட்டம் பழம்பொருளாகவே கணக்கில் வைக்கிறது. அதற்குப் பிந்தியதற்குச் சட்டம் வேறு. எங்கள் வீட்டில் எதுவும் இல்லை, எல்லாம் பக்கத்து வீட்டுப் பெரியவர் வீட்டில் பூட்டிய பெட்டகத்தில்.

ஒரு உதவி வேண்டும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் கூடவே போகிற மாதிரி ஒரு பதிவேடு எழுதிவைக்க வேண்டும் என்கிறார் பெரியவர். நீங்கள் சொத்து விவரம் எழுதுகிற வரிசை எனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கிறது. பழைய நகல் ஒன்றைப் பெயர்களை மறைத்து, தம்பியை விட்டு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முன் பாத்தியதையை நீங்கள் எந்த இடத்தில் குறிப்பிடுவீர்கள் என்பதுதான் முக்கியமாகத் தெரிய வேண்டும்.

இன்னும் இரண்டு வரிசை எண்களுக்குக் கோடி ஊர் அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம். பதில் வந்ததும் உங்களுக்கும் ஒரு நகல் அனுப்புகிறேன். பெரியம்மாவை மாத்திரையைத் தவறாமல் போடச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
செல்வி