சிங்கப்பூர் போகவிருக்கும் தோழிக்கு

திருச்சி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு. "பார்வைதான் வந்துவிட்டதே" என்று மருந்தை நிறுத்தச் சொல்வார், நீ கேட்காதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, காலையில் மலைக்கோட்டை வரை நடந்துவிட்டு வருகிறார். சின்னவனுக்கு வேலை உறுதியாகிவிட்டது. கோயம்புத்தூர்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மகள் சிங்கப்பூருக்கு ஒரு பேக்கேஜ் பார்த்திருக்கிறாள், கொடுக்கிற காசுக்குப் பெறுமா என்று கேட்டிருந்தாய். நான் சொல்வது இதுதான்: கட்டாயம் போ, ஆனால் பேக்கேஜில் போகாதே. விமான டிக்கெட்டும் தங்க ஓர் இடமும் ஏற்பாடு செய்துகொள், போதும். அந்த ஊரில் பார்க்க வேண்டியவற்றில் பாதிக்கு மேல் டிக்கெட்டே கிடையாது. சாப்பிட வேண்டியதெல்லாம் அந்த ஊர்க் கணக்குக்கு மலிவுதான். பேக்கேஜ் பஸ் உன்னை ஒரு கூடத்தில் இறக்கி, சென்னையில் கிடைக்கிற அதே பனீரையும் நானையும் போட்டு, கட்டணம் வாங்குகிற இடங்களுக்கு மட்டும் கூட்டிப்போகும். ஊர்க்காரர்கள் தங்களுக்காகக் கட்டி வைத்திருப்பதை நீ பார்க்காமலே திரும்பிவிடுவாய்.

நாங்கள் தோ பாயோ என்கிற பேட்டையில் அக்கா மகன் வீட்டில் தங்கினோம். அவன் வேலைக்குப் போனதும் நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பயண அட்டையோடு கிளம்பிவிடுவோம். ரயில் நிலையத்தில் தமிழில் எழுதியிருக்கிறது, விமான நிலையத்திலும் அப்படியே. அரசாங்க மொழிகள் நான்கில் தமிழும் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனாலும் நம் எழுத்தை அங்கே பார்க்கும்போது கால் தானாக நின்றுவிடுகிறது. வழி தெரியாமல் திண்டாடுவோமோ என்ற பயம் உனக்கு வேண்டாம்.

முதலில் சாப்பாட்டைச் சொல்கிறேன். நீ சைவம், அதனால் பயப்படுகிறாய், தெரியும். அங்கே ஒவ்வொரு பேட்டையிலும் ஓர் உணவங்காடி நிலையம் இருக்கிறது. கூரை போட்ட பெரிய கூடம், சுற்றிலும் ஆளுக்கொரு அடுப்போடு சின்னச் சின்னக் கடைகள், நடுவே தரையில் பதித்த மேசைகள். ஒரு காலத்தில் தெருவோரம் தள்ளுவண்டியில் விற்றவர்களை 1970களிலும் 80களிலும் அரசாங்கம் தண்ணீரும் சாக்கடையும் உள்ள இடத்துக்குள் கொண்டுவந்து உட்காரவைத்ததால் உருவானவை இவை. விரட்டவில்லை, இடம் கொடுத்தார்கள். நம் ஊரில் தள்ளுவண்டிகளைத் தூக்கி லாரியில் போடுவதைப் பார்த்த எனக்கு இது பெரிய விஷயமாகப்பட்டது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த உணவங்காடிப் பண்பாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தது.

ஒரு சாப்பாடு நான்கிலிருந்து ஆறு வெள்ளிக்குள் முடிந்துவிடும். அங்கே டாலரை நம் ஆட்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். வெள்ளிக்கு 65 ரூபாய்க்கு மேல் என்று வைத்துக்கொண்டால் கணக்கு உனக்கே புரியும். ஒரு நாள் ஆற்றோரமாக மேசை விரிப்பு போட்ட ஓர் உணவகத்தில் சாப்பிட்டோம். விலைப் பட்டியலில் இருந்ததோடு சேவைக் கட்டணம் பத்து சதவீதம், அதன்மேல் வரி ஒன்பது சதவீதம் என்று ஏறிக்கொண்டே போனது. சாப்பாடு சுமார். அந்தப் பில்லுக்குத் தேக்காவில் நாங்கள் மூன்று நாள் சாப்பிட்டிருப்போம்.

தேக்கா என்பது குட்டி இந்தியாவில் இருக்கிற சந்தை. கீழே மீன், கறி, காய்கறி, பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடைகள், மாடியில் துணிக்கடைகள். தோசை, வடை, பரோட்டா எல்லாம் கிடைக்கும். சிராங்கூன் சாலையில் 1947இலிருந்து நடக்கிற கோமள விலாஸ் இருக்கிறது, முழுக்க சைவம், அம்மாவுக்கும் ஒத்துக்கொள்ளும். ஆனால் அங்கேயே மூன்று வேளையும் உட்கார்ந்துவிடாதே. பெரும்பாலான உணவங்காடிகளில் சீனர் நடத்துகிற சைவக் கடை ஒன்று இருக்கும். மெல்லிய அரிசிச் சேமியா வைத்து, அதன்மேல் நீ விரல் காட்டுகிற காய்களையும் சோயாவில் செய்த பதார்த்தங்களையும் போட்டுத் தருவார்கள். பூண்டு வெங்காயம்கூடப் போடாத கடைகளும் உண்டு. அப்புறம், சோயாப் பாலை உறையவைத்து மேலே சர்க்கரைப் பாகு ஊற்றித் தருகிற தாவ் ஹுவேயை விட்டுவிடாதே. சூடாகவும் கிடைக்கும், ஜில்லென்றும் கிடைக்கும். எனக்குச் சூடுதான் பிடித்தது. ஒன்றே ஒன்றில் கவனமாக இரு. கீரைதானே என்று சைவமல்லாத கடையில் வதக்கிய காங்கோங் கீரை வாங்கிவிடாதே. அந்த மிளகாய் விழுதில் இறால் அரைத்துச் சேர்த்திருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது.

நான் கோழிச் சோறு சாப்பிட்டேன், உனக்கு வேண்டாத விஷயம் என்றாலும் சொல்லியே ஆகவேண்டும். கோழியை வெறுமனே வேகவைத்து அறுத்து வைத்திருந்தார்கள். பார்த்தால் ஒன்றுமே இல்லை. சோற்றை வாயில் போட்டதும்தான் தெரிந்தது, எல்லா ருசியும் அதில்தான் இருக்கிறது. கோழி வெந்த சாற்றில் இஞ்சியும் பூண்டும் ரம்பை இலையும் போட்டு அரிசியை வேகவைக்கிறார்கள். தனியாக ஒரு கிண்ணத்தில் மிளகாயும் இஞ்சியும் அரைத்த புளிப்புச் சட்னி. அவர் இரண்டாவது தட்டு வாங்கி வந்துவிட்டார்.

காப்பிக் கடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே காலையில் ஒரு சீனப் பெரியவர் போடுவார். நீளமான துணி வடிகட்டியைத் தகரக் குவளைக்குள் தொங்கவிட்டு, இந்தக் குவளையிலிருந்து அந்தக் குவளைக்கு மாற்றி மாற்றி ஊற்றுவார். கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பதால் டிகாஷன் கருகருவென்று தார் மாதிரி இறங்கும். தடித்த பீங்கான் கோப்பையில் முதலில் டின் பால், அதன்மேல் டிகாஷன், கடைசியில் வெந்நீர். கோப்பையிலிருந்து வழிந்து சாசரில் நிற்கிற அளவுக்கு நிறைத்துத் தருவார். சும்மா காப்பி என்று கேட்டால் தித்திக்கத் தித்திக்கக் கெட்டிப்பால் போட்டு வரும். பால் வேண்டாம் என்றால் கோப்பி ஓ, சர்க்கரையும் வேண்டாம் என்றால் கோப்பி ஓ கோசோங் என்று சொல். இரண்டாம் நாளே எங்களைப் பார்த்ததும் அவர் கேட்காமலே போட ஆரம்பித்துவிட்டார். கும்பகோணம் டிகிரி காப்பியோடு ஒப்பிடாதே, அது வேறு, இது வேறு.

உட்காருகிற இடத்துக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. காலியான மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனால் அந்த இடம் உன்னுடையது, யாரும் தொடமாட்டார்கள். மேசை முழுக்கப் பிடிக்காதே, இரண்டு நாற்காலி காலியாக இருந்தால் யாரோ வந்து உட்காருவார்கள். எங்கள் எதிரே ஒரு நாள் யூனிபாரம் போட்ட மலாய்ப் பிள்ளைகள், இன்னொரு நாள் தனியாக மீன் சூப் குடிக்கிற ஒரு பாட்டி. சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். வைக்காமல் போனால் எச்சரிக்கை, திரும்பச் செய்தால் அபராதம். தட்டு வைக்கிற இடத்திலும் ஹலால் தட்டுக்கு ஒரு பக்கம், மற்றதற்கு ஒரு பக்கம் என்று பிரித்திருக்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் பன்றி சமைக்கிறவரும் அதைத் தொடாதவரும் உன்னைப் போன்ற சைவக்காரியும் யாருக்கும் மனம் கோணாமல் சாப்பிட முடிகிறது என்றால், அதற்கு இப்படி யாரோ தட்டு வரைக்கும் யோசித்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்தது இதுதான். கடைக்காரர்களில் நிறையப் பேர் வயதானவர்கள். பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருவதில்லை என்று அக்கா மகன் சொன்னபோது வருத்தமாக இருந்தது.

இனி இலவசமாகப் பார்க்கிற இடங்கள். நீ முதலில் போக வேண்டியது தெலோக் ஆயர் தெரு. ஏன் என்கிறாயா? அங்கே நாகூர் தர்கா இருக்கிறது! 1828இலிருந்து 1830க்குள் நம் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் கட்டியது, நாகூர் ஆண்டவர் நினைவாக. முன்புறம் இரண்டு மூலையிலும் அடுக்கடுக்காகச் சின்ன மினாராக்கள். இப்போது உள்ளே இந்திய முஸ்லிம்களின் வரலாற்றைச் சொல்கிற கூடம் வைத்திருக்கிறார்கள். நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு அந்த வாசலில் நிற்கும்போது எப்படி இருக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. அதே தெருவில் கொஞ்ச தூரத்தில் சீனர்களின் கடல் அம்மன் கோயில். இப்போது சுற்றிலும் வானளாவிய கட்டடங்கள். அந்தக் காலத்தில் அந்தத் தெருதான் கடற்கரை. கப்பலை விட்டு இறங்கியவர்கள் உயிரோடு வந்துசேர்ந்ததற்கு நன்றி சொன்ன இடம். சீனரும் நம் ஆட்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் சைனாடவுன், அதற்குள் நம் மாரியம்மன் கோயில். 1827இல் நாராயண பிள்ளை தொடங்கியது. தீபாவளியை ஒட்டி அங்கே தீமிதி நடக்கும். அதே சாலையில் சூலியா மசூதி, இன்னும் கொஞ்சம் நடந்தால் புத்தர் பல் கோயில். எதற்கும் கட்டணம் இல்லை. தோளும் முழங்காலும் மூடிய உடை போதும், சேலை கட்டுகிற உனக்குக் கவலையே இல்லை. மேக்ஸ்வெல் சாலையில் நகரத் திட்டமிடல் துறையின் காட்சிக்கூடம் இருக்கிறது, அதுவும் இலவசம், ஞாயிறு விடுமுறை. நகரத்தின் நடுப்பகுதி முழுவதையும் மாதிரியாகச் செய்து வைத்திருக்கிறார்கள். அவர் அங்கிருந்து நகரவே மறுத்தார். வெளியே வந்தால் பக்கத்திலேயே மேக்ஸ்வெல் உணவங்காடி, பசிக்கு வசதி.

தாவரவியல் பூங்காவுக்கு ஒரு காலைப் பொழுதை முழுதாக ஒதுக்கு. 1859இல் உருவானது, 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. காலை ஐந்து மணியிலிருந்து நள்ளிரவு வரை திறந்திருக்கும், ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம். ஐந்து வெள்ளித் தாளின் பின்பக்கம் ஒரு மரம் இருக்கும், அந்தத் தெம்புசு மரம் நிஜமாகவே அங்கே நிற்கிறது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தேன், தாழ்ந்து படுக்கையாக நீள்கிற அந்தக் கிளை அப்படியே இருக்கிறது.

இதைவிட முக்கியமான ஒன்று. 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. பிற்பாடு பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி, மரம் சாகாமல் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற முறையை அங்கேதான் கண்டுபிடித்தார். மலேயா முழுக்க ரப்பர் தோட்டம் வந்தது அதனால்தான். அந்தத் தோட்டங்களுக்குத்தான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றிக்கொண்டு போனார்கள். உன் தாத்தா ரஜூலா கப்பலில் போன கதையை உங்கள் திண்ணையில் உட்கார்ந்து எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்! மரத்தைக் கீறுவதற்குக் கருக்கலிலேயே எழுப்புவார்கள் என்று சொல்வாரே. அந்தப் பூங்காவில் ஜாக்கிங் போகிறவர்களையும் புல்லில் உருளுகிற குழந்தைகளையும் பார்த்துக்கொண்டே நான் அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய உழைப்புக்கும் அந்த மண்ணுக்கும் கணக்கு இருக்கிறது. அங்கே இலவசமாக நடக்க உனக்கு உரிமையே உண்டு என்று நினைத்துக்கொள்.

மரினா அணைக்கட்டுக்கு மாலையில் போ. கடல் வாயை அடைத்து, உப்புத் தண்ணீர் உள்ளே வராமல் மதகு வைத்து, குடாவையே நன்னீர் ஏரியாக்குவதற்காக 2008இல் திறந்தார்கள். கடைமடைக்காரியான உனக்கு இதைப் பார்த்தால் வயிறு எரியும், ஆனாலும் பார். அதன் கூரை முழுக்கப் புல்வெளி, குடும்பம் குடும்பமாக வந்து காற்றாடி விடுகிறார்கள். அங்கிருந்து நடந்தால் பெரிய செயற்கை மரங்கள் நிற்கிற தோட்டம். கண்ணாடிக் கூடங்களுக்குத்தான் டிக்கெட், மரங்களின் கீழே படுத்துக்கொண்டு ஒளியும் இசையும் பார்ப்பது இலவசம். இரவு 7.45க்கும் 8.45க்கும் நடக்கும். முதல் காட்சிக்கே போய்விடு, அம்மாவையும் கூட்டிப்போவதாக இருந்தால் அது முடிந்ததும் திரும்பிவிடலாம்.

சாங்கி விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் என்கிற வணிக வளாகத்தில் 40 மீட்டர் உயர உள்ளரங்க அருவி இருக்கிறது. திரும்பி வருகிற அன்று பார்த்துக்கொள்ளலாம், அதற்கென்று தனியாக நாள் வேண்டாம்.

வெயிலும் புழுக்கமும் நம் ஊர் மாதிரியே, மழை சொல்லாமல் வரும், குடை கையிலேயே இருக்கட்டும். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம், பாட்டில் வாங்கிக் காசை வீணாக்காதே. நடக்கிற இடமெல்லாம் நிழலும் உட்கார இடமும் இருப்பதால் அம்மாவுக்கும் சிரமம் இருக்காது, ஆனால் கண் டாக்டரிடம் எத்தனை வாரம் கழித்து விமானத்தில் போகலாம் என்று கேட்டுக்கொள்.

எங்கள் பயண அட்டைகள் இரண்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன, கொஞ்சம் வெள்ளி மீதி இருக்கிறது. தேதி முடிவானதும் எழுது, கூரியரில் அனுப்பிவிடுகிறேன். அக்கா மகனிடமும் சொல்லி வைக்கிறேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களை தோ பாயோவுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறேன். மகளிடம் அந்தப் பேக்கேஜுக்கு அட்வான்ஸ் கட்டிவிட வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடு.

அன்புடன்,
உன் தோழி