பயிற்சி நிலத்தில் கொட்டிய இடிபாடுகளை அகற்றி, இறுகிப்போன மண்ணை மீட்டுத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
சுற்றுச்சூழல் தோட்டக்கலை மற்றும் நிலைத்த நிலவடிவமைப்புப் பிரிவு மாணவர்கள், சமுதாயக் கல்லூரி.

பெறுநர்:
உயர்திரு இணை இயக்குநர் அவர்கள், கல்லூரிக் கல்வித் துறை.

பார்வை: இதே பொருள் குறித்து நாங்கள் முன்பு அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் கல்லூரியின் பின்வாசலைத் தாங்கள் நன்றாக அறிவீர்கள். பம்ப் ரூமைத் தாண்டி, பழைய சுற்றுச்சுவரை ஒட்டியுள்ள சரிவான இடம்தான் எங்கள் பயிற்சி நிலம். ஆய்வுக்கு வந்தபோது அங்கே நின்று நாற்றங்காலைப் பாராட்டிவிட்டுப் போனீர்கள். இன்று அதே இடத்தில் செங்கல் துண்டுகளும் உடைந்த டைல்ஸும் காய்ந்த கான்கிரீட்டும் குவிந்து கிடக்கின்றன. முந்தைய மனுக்களுக்குப் பதில் வராததால் மறுபடியும் எழுதுகிறோம். தயவுசெய்து இதை முழுதாகப் படிக்க வேண்டுகிறோம்.

1. பக்கத்தில் புதிய கட்டடம் எழுவதில் எங்களுக்கு மகிழ்ச்சியே. வகுப்பறை எங்களுக்கும் வேண்டும். ஆனால் வேலை தொடங்கியதிலிருந்து இடிபாடுகளைக் கொட்டவும் லாரிகளைத் திருப்பவும் எங்கள் நிலத்தையே பயன்படுத்துகிறார்கள்.

2. இடிபாட்டில் சிமெண்டும் சுண்ணாம்பும் இருக்கின்றன. மழையில் அவை கரைந்து இறங்கி மண்ணின் காரத்தன்மையைக் கூட்டுகின்றன. மண் அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவு 7.5ஐத் தாண்டினால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் பல செடிகளால் அதை எடுக்க முடியாது. வேலி ஓரம் நாங்கள் நட்ட இட்லிப்பூச் செடிகளைப் பார்த்தாலே தெரியும். இளந்தளிர்களில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்ற இடமெல்லாம் வெளிறிக் கிடக்கிறது.

3. எங்களை அதிகம் வாட்டுவது இறுகிப்போன மண். குப்பையை அள்ளிவிடலாம் ஐயா. மண்ணின் இறுக்கம் அதோடு போகாது. நல்ல மண்ணின் கன அளவில் ஏறக்குறைய பாதி வெறும் துளைகள்தான். வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகும் வழி அது. மழை பெய்து ஈரம் காயாத மண்ணில் பாரம் ஏற்றிய லாரி ஏறினால் அந்தத் துளைகள் நசுங்கிவிடும். இங்கே ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அதுதான் நடந்தது. இப்போது கடப்பாரையைப் போட்டால் டங்கென்று சத்தம் வருகிறதே தவிர உள்ளே இறங்கவில்லை. எப்படியோ 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி, நீர் இறங்கும் வேகத்தை அளக்கப் பார்த்தோம். மறுநாள் காலையிலும் தண்ணீர் அப்படியே நின்றது. மேலே ஒரு சருகு மிதந்தது. மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும் பள்ளமான மழைத் தோட்டத்தில் தேங்கும் நீர் ஓரிரு நாளுக்குள் இறங்கிவிட வேண்டும் என்று காலையில் வகுப்பில் படிக்கிறோம். கொசு வளர ஏறத்தாழ ஒரு வாரம் போதும், அதற்குள் நீர் வடிந்தாக வேண்டும் என்று குறிப்பு எழுதுகிறோம். அப்புறம் பயிற்சிக்கு என்று வெளியே வந்தால் எங்கள் நிலமே குட்டையாகத் தேங்கி நிற்கிறது! இதில் நாங்கள் எதைச் செய்து பார்ப்பது? வடிகால் சரிவு அமைப்பதையா, சொட்டுநீர்க் குழாய் பதிப்பதையா, மரக்கன்று நடுவதையா? எங்களில் பலர் காலையிலோ இரவிலோ வேலைக்குப் போய்க்கொண்டு படிப்பவர்கள். பள்ளிப் படிப்பை விட்டுப் பல வருடம் கழித்து வந்தவர்களும் உண்டு. கையால் செய்து கற்றுக்கொண்டு வேலைக்குப் போகலாம் என்றுதான் இந்தப் படிப்பில் சேர்ந்தோம். செய்முறைத் தேர்வில் பாத்தி அமைக்கச் சொன்னால் படம் வரைந்து காட்டினால் போதுமா? சொல்லுங்கள் ஐயா.

4. “மேலே ஒரு லோடு செம்மண் அடித்துவிட்டால் சரியாகிவிடும்” என்று அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னார்கள். சரியாகாது. இறுகிய அடுக்கின் மேல் புது மண்ணைப் பரப்பினால், இரண்டு மண்ணும் சேரும் இடத்தில் தண்ணீர் தடைபட்டு நிற்கும். வேர்களும் அங்கே வந்து பக்கவாட்டில் திரும்பிவிடும். ஆழமாக வேரூன்றாத மரம் பலத்த காற்றில் சாயும். நோயை மூடி வைப்பது வைத்தியம் ஆகாது. இது எங்கள் முதல் பருவப் பாடம். இதையும் சென்ற மனுவிலேயே எழுதியிருந்தோம்.

5. மூலையில் நிற்கும் பெரிய வேப்ப மரத்துக்கு உடனே கவனம் வேண்டும். அதன் அடிமரத்தைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கு மண்ணும் ஜல்லியும் குவித்திருக்கிறார்கள். மரத்தின் உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில்தான் இருக்கின்றன. மேலே மண் ஏறினால் அவற்றுக்குக் காற்று கிடைக்காது; மூடிய பட்டையும் ஈரத்தில் அழுகத் தொடங்கும். இது உடனே தெரியாது. சில வருடம் கழித்து மரம் உச்சியிலிருந்து காயும்போது யாருக்கும் காரணம் நினைவிருக்காது. அந்த மண்ணை ஜேசிபி வைத்து எடுக்க வேண்டாம், வேர் அறுந்துவிடும். மண்வெட்டியால் நாங்களே மெல்ல எடுத்துவிடுகிறோம். அனுமதி மட்டும் கொடுங்கள்.

6. செங்கல் குவியலில் கிடந்த ஆணி ஒரு மாணவியின் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறியது. அதன் பிறகும் லாரி நிற்கவில்லை.

நாங்கள் கேட்பது இதுதான். முதலில், நிலத்துக்குள் லாரிகள் வருவதை இன்றே நிறுத்தி வேலி போட்டுத் தாருங்கள். இடிபாடுகளை, காரம் ஏறிய மேல் அடுக்கோடு சேர்த்து அப்புறப்படுத்துங்கள். பிறகு, மண் அதிக ஈரமில்லாத சமயம் பார்த்து, மரத்தின் வேர்ப் பகுதியைத் தவிர்த்து, 45 முதல் 60 செ.மீ. ஆழம் வரை இயந்திரத்தால் கிளறிவிட ஏற்பாடு செய்யுங்கள். மக்கிய உரம் கலப்பது, மண்ணைச் சருகால் மூடி மூடாக்கு இடுவது, மண்ணைப் பிடித்து நிறுத்தும் செடிகளை நடுவது எல்லாம் எங்கள் வேலை. வகுப்பில் சேரும் சருகையும் களையையும் கொண்டு உரக்குழியைத் தயாராக வைத்திருக்கிறோம். கான்கிரீட்டைப் பெயர்ப்பதற்கு மட்டும்தான் எங்கள் கையில் கருவி இல்லை.

ஒருமுறை நேரில் வாருங்கள் ஐயா. மழை பெய்த மறுநாள் வந்தால் நாங்கள் எதுவும் விளக்க வேண்டியிருக்காது. வர இயலாவிட்டால், எப்போது வேலை தொடங்கும் என்று எழுத்துமூலம் ஒரு தேதியாவது தெரிவியுங்கள். “பரிசீலனையில் உள்ளது” என்ற பதில் மட்டும் வேண்டாம். அடுத்த மழைக்கு முன்பு லாரிகளை நிறுத்தி எங்கள் மண்ணை மீட்டுத் தருமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சுற்றுச்சூழல் தோட்டக்கலைப் பிரிவு மாணவ மாணவியர்

இணைப்பு: நிலத்தின் புகைப்படங்கள், நீர் இறங்கும் சோதனைக் குறிப்பு, முந்தைய மனுக்களின் நகல்கள்.