சாலை போடும் முன் பழைய நிலப்படத்தைப் பாருங்கள்

ராமநாதபுரம் மாவட்ட நிர்வாகத்துக்கு,

வணக்கம். கண்மாய் (ஏரி) மராமத்துக்கோ புதுச் சாலைக்கோ திட்டம் போடும்போது, இந்திய நில அளவைத் துறையின் பழைய நிலப்படத் தாள்களையும் மேசையில் விரித்துக்கொள்ளுங்கள். தரையில் ஒரு மைல், தாளில் ஓர் அங்குலம். பனங்காடு, கிணறு, வண்டிப்பாதை எல்லாம் அதில் இருக்கும்.

வைகையின் கடைமடையைப் பாருங்கள். 258 கிலோமீட்டர் ஓடிவரும் ஆறு பெரிய கண்மாயில் புகுந்து, மிஞ்சினால்தான் ஆற்றங்கரை ஊர்ப் பக்கம் கடலைச் சேரும். கண்மாய்க் கரைகள் சரிவுக்குக் குறுக்கே பிறை பிறையாக வளைந்து கிடக்கும். ஒன்றின் மறுகால், அதாவது நிரம்பி வழியும் தண்ணீர்தான், அடுத்ததன் வரத்து. ஊர்கள் கரையை ஒட்டியே இருக்கும். வண்டிப்பாதையை விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். பல இடங்களில் அது கரையோரமாகச் சுற்றித்தான் அடுத்த ஊருக்குப் போகும். மழைக்காலத்தில் எந்த மேடு நனையாது என்று தெரிந்தவர்கள் நடந்து உண்டாக்கிய தடம் அது. இன்று போடும் சாலை வரத்துக்காலின் குறுக்கே போய், அடியில் ஒரு சின்னக் குழாயைப் பதித்தால், கீழே இருக்கும் கண்மாய் காய்ந்துதான் போகும்.

வருவாய்த் துறையின் புலப்படம் இருக்கிறதே என்பீர்கள். சரி, அது வயலின் எல்லையைச் சொல்லும். எந்த ஊர்த் தண்ணீர் எந்த ஊருக்குப் போகிறது என்பதை ஒரே பார்வையில் காட்டுவது இந்தத் தாள்தான்.

கடலோரத்துக்கு வந்தால் கதை வேறு. கீழக்கரையும் தேவிபட்டினமும் தொண்டியும் கடல் வணிகத்தால் வளர்ந்தவை. ராமேசுவரத்துக்குப் போகும் சேது யாத்திரைப் பாதையில் ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் சத்திரங்கள் கட்டினார்கள். 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் போக்குவரத்தே மாறியது: பாம்பனில் பிரிந்த ஒரு தடம் ராமேசுவரத்துக்கு, இன்னொன்று தனுஷ்கோடிக்கு, அங்கிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல். 1964 டிசம்பர் புயல் அந்தத் தனுஷ்கோடித் தடத்தை அழித்துவிட்டது. ராமேசுவரம் தீவில் எதைக் கட்டுவதானாலும் புயலுக்கு முந்தைய தாளையும் பிந்தைய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டாமா?

கடலோரத் தாள்கள் நெடுங்காலம் பொதுமக்கள் கைக்கு எளிதில் வரவில்லை. 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு நிலப்படக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. ஆகவே கேட்கிறேன்: வைகைக் கடைமடை ஊராட்சிகளுக்காவது இந்தத் தாள்களைப் பெரிதாக அச்சிட்டு, கண்மாய்ப் பெயர்களைத் தமிழில் எழுதி, ஊராட்சி அலுவலகத்தில் மாட்டுங்கள். கிராம சபையில் பெரியவர்களிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து, மூடிப்போன ஓடைகளைக் குறிக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழைக்கு முன்பே இதைச் செய்தால் இந்த வருடமே உதவும்.

இப்படிக்கு,
கடைமடை ஊர்க்காரன் ஒருவன்