ஓய்வுபெற்ற கேப்டனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கேப்டன் அவர்களுக்கு,

வணக்கம். பறந்த காலத்து நினைவுகளை எழுத உட்காரப் போகிறீர்கள் என்று அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். உரிமையோடு ஒரு வேண்டுகோள். எந்தெந்த நாடுகளுக்குப் போனீர்கள், எந்தப் பிரபலம் உங்கள் விமானத்தில் ஏறினார் என்பதையெல்லாம் பிறகு எழுதிக்கொள்ளலாம். ஒவ்வொரு விமானத்தையும் எப்படி ஓட்டினீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள். போயிங் 737-200 விமானத்தின் கையேடு தேடினால் கிடைக்கும். அந்தக் கையேட்டுக்கும் உங்கள் கைக்கும் நடுவில் இருந்த பழக்கங்கள் உங்களோடு மட்டும்தான் இருக்கின்றன.

தொடங்க வேண்டிய இடம் லாக்புக், அதாவது ஒவ்வொரு பயணத்தையும் நீங்கள் குறித்துவைத்த பதிவேடு. நினைவை மட்டும் நம்பித் தொடங்கினால், ஒரு மழை இரவும் வேறொரு நாள் வந்த இன்ஜின் கோளாறும் ஒட்டிக்கொண்டு ஒரே கதையாகிவிடும். லாக்புக்கில் நேரங்கள் பெரும்பாலும் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். உள்ளூர் நேரத்துக்கு மாற்றும்போது தேதி ஒருநாள் முன்னும் பின்னும் போகலாம், கவனியுங்கள். "அன்றைக்கு முழுநிலவு" என்று எழுதினால் தேதியை வைத்துச் சரிபார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

விமானத்தின் உடலில் எழுதியிருக்கும் பதிவெழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். விமானம் கைமாறும்போது எழுத்து மாறும். பழைய எழுத்தையே பின்னால் வேறொரு விமானத்துக்குக் கொடுப்பதும் உண்டு. தயாரித்த நிறுவனம் இட்ட வரிசை எண் மட்டும்தான் கடைசிவரை மாறாது. அது கிடைத்தால் விமானம் ஆலையை விட்டு வந்த தேதியிலிருந்து எங்கே உடைத்தார்கள் என்பது வரை பின்தொடரலாம். நீங்கள் 1978இல் ஓட்டியதாக நினைக்கும் விமானம் 1980இல்தான் தயாரானது என்று தெரியவந்தால், வருடத்தைத் திருத்திவிட்டு மேலே எழுதுங்கள்.

காகிதங்களில் அவசரமானது ஒன்றுதான். ஏ.கார்ஸ் (விமானத்துக்கும் தரைக்கும் இடையே செய்தி அனுப்பும் அமைப்பு) பிரின்டரில் வந்த தாள்கள், அதாவது வானிலை, லோட்ஷீட் என்ற எடைக்கணக்கு, கடைசிப் பயணத்தில் வந்த வாழ்த்துச் செய்தி, எல்லாம் வெப்பத்தில் அச்சாகும் தாள். வெயிலும் பிளாஸ்டிக் உறையும் பட்டால் எழுத்து வெளிறி, ஒருநாள் வெறும் தாள்தான் மிஞ்சும். லேமினேட் செய்யக் கொடுத்தால் அந்தச் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துவிடும். இன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள். லாக்புக்கை 600 டி.பி.ஐ.யில், அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கம் உட்பட எடுத்தால் போதும்.

இனி முக்கியமான பகுதி. ஜே.டி.8டி இன்ஜின் பூட்டிய 737-200ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டேக்-ஆஃபுக்கு அட்டவணை பார்த்து இ.பி.ஆர். எண்ணை வைப்பீர்கள். அது இன்ஜினின் விசையைக் காட்டும் அளவு: பின்பக்க அழுத்தத்தை முகப்பு அழுத்தத்தால் வகுத்த எண். முகப்பில் இருக்கும் சிறு குழாய் பனியில் அடைத்துக்கொண்டால் முகப்பு அழுத்தம் குறைவாகப் பதிவாகும். வகுக்கும் எண் சிறுத்தால் விடை பெருக்கும். 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் ஏர் ஃப்ளோரிடா 90ஆம் எண் விமானத்துக்கு நடந்தது இதுதான். பனி கொட்டியது, இன்ஜினில் பனி படியாமல் சூடேற்றும் ஆன்டி-ஐஸ் போடப்படவில்லை. கருவி 2.04 காட்டியது, இன்ஜின் கொடுத்ததோ ஏறக்குறைய 1.70க்கு உரிய விசைதான். விமானம் பாலத்தில் மோதி போடோமாக் ஆற்றில் விழுந்தது. பாலத்தில் இருந்த 4 பேரையும் சேர்த்து 78 பேர் இறந்தார்கள். இ.பி.ஆரைப் பார்த்த கண் பக்கத்திலிருந்த என்1ஐயும், அதாவது இன்ஜின் விசிறியின் சுழல்வேகத்தையும், நம்பியிருந்தால், விசை குறைவு என்று அதுவே சொல்லியிருக்கும்.

உங்கள் கண் அந்த இரண்டு கருவிகளுக்கும் இடையே எந்த வரிசையில் போனது? த்ராட்டிலை (இன்ஜின் விசைக் கைப்பிடியை) முதலில் பாதி தள்ளி இரண்டு இன்ஜினும் சமமாக வரும்வரை நிறுத்தினீர்களா, எவ்வளவு நேரம்? என்1 எவ்வளவு குறைந்தால் மனதில் உறுத்தும்? இந்த மூன்று கேள்விக்கும் விடை எழுதினாலே நல்ல ஓர் அத்தியாயம் கிடைக்கும்.

வானிலை ரேடாரும் இப்படித்தான். புதிய விமானங்களில் ஆன்டெனாவின் சாய்வைக் கணினியே பார்த்துக்கொள்கிறது. நீங்கள் குமிழைக் கையால் திருப்பியவர். 1 டிகிரி சாய்வு, 60 கடல்மைல் தூரத்தில் 6,000 அடி, 80 கடல்மைலில் 8,000 அடி என்ற கணக்கு உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். 35,000 அடியில் சாய்வை 0வில் விட்டால் கதிர் புயல்மேகத்தின் உச்சியைத்தான் தொடும். அங்கே இருப்பது பனித்துகள், அது சரியாக எதிரொலிக்காது, திரை சுத்தமாகத் தெரியும். 2 டிகிரி கீழே இறக்கினால் 80 கடல்மைலில் கதிரின் நடு 19,000 அடிக்கு வந்து ஈரமான பகுதியைப் பிடிக்கும். திரையில் சிவப்பு வரும். சாய்வை மறந்துவிட்டு "முன்னால் ஒன்றுமில்லை" என்று போனவர்கள்தான் மேகத்துக்குள் மாட்டிக்கொண்டார்கள். எந்தெந்தக் கட்டத்தில் அந்தக் குமிழைத் தொட்டீர்கள் என்பதை, ஏறும்போது, மட்டமாகப் பறக்கும்போது, இறங்கும்போது என்று தனித்தனியாக எழுதுங்கள்.

இறக்கக் கணக்கையும் விடவேண்டாம். இழக்க வேண்டிய உயரத்தை ஆயிரம் அடிக் கணக்கில் எடுத்து 3ஆல் பெருக்கினால் இறங்கத் தேவையான தூரம் கடல்மைலில் வரும். தரைவேகத்தை 5ஆல் பெருக்கினால் 3 டிகிரி சரிவுக்கான இறங்குவேகம், 140 நாட் (மணிக்கு 140 கடல்மைல்) என்றால் நிமிடத்துக்கு 700 அடி. இது எல்லா விமானிக்கும் தெரியும். பின்காற்று இருந்தால் எத்தனை மைல் கூட்டினீர்கள், வேகத்தைக் குறைக்க எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்பது ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் கணக்கை எழுதுங்கள்.

லேண்டிங்கைப் பற்றி எழுதும்போது "மெதுவாக வைத்தேன்" என்று முடித்துவிடாதீர்கள், கேப்டன். போயிங் 747 தரையில் நிற்கும்போதே விமானியின் கண் 28 அடிக்கு மேலே இருக்கும். அந்த உயரத்திலிருந்து தரை மெதுவாக நகர்வதுபோல் தெரிவதால் டாக்ஸியில் (தரையில் ஓட்டிச்செல்லும்போது) வேகம் கூடியதே தெரியாது. முன்சக்கரம் காக்பிட்டுக்குப் பின்னால் இருப்பதால், திருப்பத்தில் மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போனபிறகே திருப்ப வேண்டும். குறுக்குக் காற்றில் இறக்கையை அதிகம் சாய்த்தால் வெளி இன்ஜின் தரையில் இடிக்கும். ஏர்பஸ் ஏ320 வேறு மாதிரி: 50 அடியில் கணினி மூக்கின் கோணத்தைக் குறித்துக்கொண்டு, 30 அடியிலிருந்து 8 வினாடியில் மெல்ல 2 டிகிரி கீழ்நோக்கிக் கொண்டுபோகும், விமானி இயல்பாக ஸ்டிக்கைப் பின்னால் இழுக்கட்டும் என்பதற்காக. 737இலிருந்து ஏ320க்கு மாறியபோது கை எதை மறக்க வேண்டியிருந்தது? விசையைக் கணினியே பார்த்துக்கொள்ளும் ஆட்டோத்ரஸ்ட் போட்டும் த்ராட்டில் நகராமல் இருந்தது பழக எத்தனை நாள் ஆனது? படிக்கிறவர்கள் இதைத்தான் தேடுவார்கள்.

நினைவு வர மறுத்தால் இப்படிச் செய்யுங்கள். அந்த வகை விமானத்தின் காக்பிட் படத்தை உண்மை அளவில் அச்சடித்துச் சுவரில் ஒட்டி, எதிரே சரியான உயரத்தில் நாற்காலி போடுங்கள். மேல்பேனலிலிருந்து தொடங்கிச் சுவிட்சு சுவிட்சாகக் கையை வைத்துக்கொண்டே பேசுங்கள். தோளுக்குப் பின்னாலிருந்து ஒருவர் வீடியோ எடுக்கட்டும். கேள்வி கேட்பவர் விமானம் தெரியாதவராக இருந்தால் நல்லது, "ஏன் அதற்கு முன்னால் இது?" என்று அவர்தான் கேட்பார். வாய்க்கு மறந்துபோன வரிசை கைக்கு நினைவிருக்கும். ஒலிகளையும் சொல்லுங்கள்: 737இன் ட்ரிம் சக்கரம் (மூக்கின் சமநிலையைச் சரிசெய்வது) சுழலும் கடகட சத்தம், ஏ320இல் பச்சை, மஞ்சள் ஹைட்ராலிக் அமைப்புகளுக்கிடையே அழுத்தம் வேறுபடும்போது அதை ஈடுகட்டும் பி.டி.யு. என்ற கருவி நாய் குரைப்பதுபோல் போடும் சத்தம். பயணிகள் பயந்த அந்தச் சத்தம் உங்களுக்கு எல்லாம் சரி என்ற தகவல். ஒலிகளைத் தொட்டால் மற்றவை தானாக வரும்.

கூடப் பறந்தவர்களின் தவறுகளை எழுத நேர்ந்தால் பெயரை விட்டுவிட்டு நடந்ததை மட்டும் முழுமையாக எழுதுங்கள். பயணிகளின் நோய்விவரம் வேண்டாம்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு பேர் ஓட்டும் 747-400 1989இல் சேவைக்கு வந்ததிலிருந்து ஃப்ளைட் இன்ஜினியர் (இன்ஜின்களையும் எரிபொருளையும் கவனித்த மூன்றாவது ஆள்) இருக்கை ஒவ்வொரு விமானமாகக் காலியாகிவிட்டது. பழைய 747இல் நடுத்தொட்டி எரிபொருளை முதலில் எரித்து, பிறகு உள்பக்கத் தொட்டிகளான 2, 3ஐ வெளித்தொட்டிகளின் அளவுக்குக் கொண்டுவந்து, அதன்பின் ஒவ்வொரு இன்ஜினுக்கும் அதனதன் தொட்டி என்று தொட்டிகளையும் இன்ஜின்களையும் குறுக்காக இணைக்கும் கிராஸ்ஃபீட் வால்வுகளை மூடியவர் அவர். இறக்கை வெளிப்பக்கம் கனமாக இருந்தால் அது மேல்நோக்கி வளையும் அழுத்தம் குறையும் என்பதற்காகவே அந்த வரிசை. உங்கள் முதுகுக்குப் பின்னால் அவர் என்ன செய்தார் என்பது உங்களுக்குப் பாதிதான் தெரியும். அவரையும் அந்தச் சுவர்ப்படத்தின் முன்னால் உட்காரவைத்துப் பதிவு செய்யுங்கள், முடிந்தால் உங்கள் பதிவுக்கு முன்பே.

அன்புடன்,
உங்கள் எழுத்துக்காகக் காத்திருக்கும் வாசகன்