ஏரி வீட்டுக்கு நம் பங்கு: இன்னும் 1,680 பவுண்டு வேண்டும்

அன்பான உறவுகளுக்கு வணக்கம். கிரானோக் என்னும் ஏரி வீட்டைப் பற்றிய தமிழ்க் கையேட்டுக்கும் அங்கே போகும் பயணத்துக்கும் மே 20-ஆம் தேதிக்குள் அச்சகத்துக்கும் பேருந்துக்காரருக்கும் மீதிப் பணம் கட்டியாக வேண்டும். கையிருப்பு போதவில்லை. அதனால்தான் மறுபடி கேட்டு வருகிறோம்.

ஸ்காட்லாந்துக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்காகக் கொஞ்சம் விவரம். ஏரிக்குள் மரக்கால்களை இறக்கியோ கல்லைக் கொட்டியோ மனிதர்கள் உண்டாக்கிய தீவு வீட்டை இங்கே கிரானோக் என்பார்கள். பெர்த்ஷயரில் இருக்கும் லாக் டே ஏரியில் மட்டும் இப்படி 18 இடங்கள் தெரியவந்திருக்கின்றன. ஃபெர்னன் கிராமத்துப் பக்கம் உள்ள ஓக்பேங்க் கிரானோக்கைத் தொல்லியலாளர் நிக்கலஸ் டிக்சன் குழுவினர் 1980 முதல் தண்ணீருக்குள் மூழ்கியே அகழ்ந்தார்கள். சுமார் 2,500 ஆண்டுப் பழமை. கரையில் என்றால் எப்போதோ மக்கிப்போயிருக்கும் பொருள்களைக் குளிர்ந்த நீரும் காற்றுப் படாத சேறும் காத்து வைத்திருந்தன. தரையில் பரப்பிய பெரணி, மரக் கரண்டி, நெய்த துணியின் துண்டு, ஆட்டுப் புழுக்கை, ஏன், வெண்ணெய் ஒட்டியிருந்த மரத்தட்டுகூடக் கிடைத்தது! பொற்காசு கிடைத்திருந்தால்கூட நம் மூத்தவர்கள் இவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள். அதே ஏரியில் கிரானோக்கைப் போலவே கட்டிய மாதிரி வீடு 1997-இல் திறந்தபோதே பிள்ளைகளைக் கூட்டிப் போனவர்கள் அவர்கள். அந்த மரப்பாலத்தில் எடுத்த படங்களை இன்றும் பொங்கல் விழாவில் கொண்டுவந்து காட்டுவார்கள். அந்தப் பெருமை அவர்களுக்கு உரியதுதான்.

2021 ஜூன் 11 இரவு அந்த வீடு தீப்பிடித்து நீர்மட்டம் வரை எரிந்துபோனது. நாணல் கூரை, அப்புறம் என்ன மிஞ்சும்? கரையில் இருந்த அருங்காட்சியகத்துக்கும் பழம்பொருள்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை, அது இறைவன் செயல். ஊர் கூடி உதவியது, அரசும் கொடுத்தது. எதிர்க்கரையில் டாலெர்ப்பில் 2024 ஏப்ரலில் கிரானோக் மையம் புதிதாகத் திறந்தது. உண்மையான கிரானோக்குகள் பல 1979-ஆம் ஆண்டுத் தொன்மைச் சின்னங்கள் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது. ஆகவே பிள்ளைகள் உள்ளே நுழைந்து தொட்டுப் பார்க்க இந்த மாதிரி வீடுகளை விட்டால் வேறு வழி இல்லை.

நம் திட்டம் மூன்று. தமிழ்க் கையேடு 600 படி அச்சிட 1,150 பவுண்டு. கோடை விடுமுறையில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்துப் போக இரண்டு பேருந்துக்கு 1,400. கிரானோக் மையத்தின் கட்டுமான நிதிக்கு நம் சார்பில் 2,000. மொத்தம் 4,550. வந்திருப்பது 2,870.

அந்த 2,870-ஐக் கொடுத்தவர்களை எத்தனை முறை கும்பிட்டாலும் தகும். ஒரு மாத ஓய்வூதியத்தை அப்படியே உறையில் போட்டுக் கொடுத்த அம்மா, பகுதிநேர வேலைச் சம்பளத்தில் பங்கு போட்ட டண்டீ மாணவர்கள், பயண நாளுக்கு நூறு பேருக்குப் புளியோதரை கட்டித் தருவதாக ஏற்ற உணவகத்து அண்ணன், கையேட்டைக் காசு வாங்காமல் மூன்று முறை திருத்திக் கொடுத்த ஆசிரியை, உண்டியலை உடைத்த சின்னப் பிள்ளைகள். எல்லாரும் நன்றாக இருக்க முருகன் அருளட்டும்.

பொங்கல் அன்று மேடையில் தொகை சொல்லிக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு இதுவரை கொடுக்காத பதினொரு குடும்பங்கள் உண்டு. பெயர் போட மாட்டோம், அவர்களுக்கே தெரியும். பிறந்தநாள் கேக்குக்கு நூறு பவுண்டு செலவழிக்கிறோம், தப்பில்லை. நம் பிள்ளைகள் பிறந்து வளரும் நாட்டின் பழைய வீட்டுக்குக் கொடுக்க மட்டும் கை ஏன் நடுங்க வேண்டும்? அறுபது குடும்பம் ஆளுக்கு 28 பவுண்டு கொடுத்தால் குறை தீர்ந்துவிடும். முடியாதவர்கள் ஐந்து பவுண்டு கொடுங்கள், அதற்கும் ரசீது உண்டு. அதுவும் முடியாதவர்கள் பயணத்துக்கு வந்தால் போதும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

ஞாயிறு தமிழ் வகுப்பு முடிந்ததும் பொருளாளர் வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார். வங்கி வழியாக அனுப்புகிறவர்கள் குறிப்பில் குடும்பப் பெயரை எழுதுங்கள். சென்ற முறை பெயரில்லாமல் வந்த 40 பவுண்டு யாருடையது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
குழுவினர்